ஓக் வேரும் நச்சுவாயுவும்

கலிபோர்னியாவில் ஆரஞ்சு, வால்நட், பீச் தோப்புகள் பலவும் ஓக் காட்டைத் திருத்திய நிலத்தில் எழுந்தவை. மரத்தை வெட்டினார்கள், வேர் மண்ணிலேயே கிடந்தது. அந்த வேரில் ஆர்மிலேரியா என்ற பூஞ்சை பல ஆண்டுகள் உயிரோடிருந்து, புதுக் கன்றின் வேர் பட்டதும் அதற்குத் தாவியது. நோய்கண்ட மரத்தின் அடிப்பட்டையை உரித்தால் விசிறியாய் விரிந்த வெள்ளைப் படலம், காளான் வாசனையோடு. மழைக்காலத்தில் தூரில் தேன்நிறக் குடைகள் கொத்தாக முளைக்கும். அதற்குள் மரம் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும்.

அன்று இதற்கு மருந்து கார்பன் டைசல்ஃபைடு. பட்டமரத்தைப் பிடுங்கி, வேர்களைப் பொறுக்கி, மண்ணைக் காயவிட்டு, ஒன்றரை அடிக்கு ஒரு துளையாகத் திரவத்தை இறக்கி மூடுவார்கள். அது மண்ணுக்குள் ஆவியாகிப் பரவும். தீப்பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருள். பிறகு மெத்தில் புரோமைடு வந்தது. நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். அதனால் கசிவு தெரியக் கண்ணெரிச்சல் தரும் குளோரோபிக்ரினைக் கலந்தார்கள், நிலத்தின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார்கள். களிமண்ணில் அந்த வாயுவும் ஆழம் போகவில்லை. எட்டாத ஆழத்தில் ஒரு வேர்த்துண்டு தப்பினால் போதும், நோய் திரும்பிவிடும்.

கலிபோர்னியாவின் ரிவர்சைடு ஆராய்ச்சியாளர் டொனால்ட் பிளிஸ் 1951-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. கார்பன் டைசல்ஃபைடு பூஞ்சையை நேரடியாகத் தீர்த்துக்கட்டவில்லை; நலிவடையச் செய்தது. அதைத் தின்று முடித்தது மண்ணிலிருந்த டிரைக்கோடெர்மா. நம் விவசாயிகள் தொழுவுரத்தில் கலந்து இடும் அதே பூஞ்சை வகைதான். இந்த உண்மை கையிலிருந்தும், அதன்பிறகு பல பத்தாண்டுகள் மெத்தில் புரோமைடையே நம்பியிருந்தது எனக்கு ஆறாத வருத்தம்.

ஓசோன் படலத்தை அரிப்பதால் மெத்தில் புரோமைடு 1992-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தது. வளர்ந்த நாடுகள் 2005-க்குள், சில விலக்குகள் நீங்கலாக, அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

இன்று நடும்போதே தாங்குதிறனுள்ள வேர்ச்செடியைப் பார்க்கிறார்கள். பிளம் மரத்துக்கு மரியானா 2624 அப்படி ஒன்று. இன்னொரு வழி மண்வெட்டி வேலை: தூரைச் சுற்றி மண்ணை அகற்றி, வேர்க்கழுத்தை வெயிலும் காற்றும் படத் திறந்துவைப்பது. ஈரம் வற்றினால் பூஞ்சை பின்வாங்குகிறது. நோய் முற்றிய மரத்துக்கு இது பயன்படாது. அதன் பக்கத்து மரங்களுக்குத்தான். குழியில் மண்ணும் சருகும் சேரச் சேர மறுபடியும் தோண்டியாக வேண்டும்.