பள்ளியைக் கூட்டிய பெண்மணி

மதீனாப் பள்ளியைக் கூட்டி வந்த கறுப்பினப் பெண்மணி ஒருவரைக் காணாத நபி (ஸல்) அவர்கள், அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் மரணித்துவிட்டதாகத் தோழர்கள் கூறினர். தமக்கு ஏன் அறிவிக்கவில்லை எனக் கேட்ட நபியவர்கள், அவரது கப்றுக்கே சென்று தொழுதார்கள். தோழர்கள் அப்பெண்மணியைச் சாதாரணமாகக் கருதிவிட்டனர் போலும் என்கிறது புகாரி, முஸ்லிமில் பதிவான இந்த அறிவிப்பு. (அவர் ஆணா, பெண்ணா என்ற ஐயமும் அறிவிப்பாளருக்கு உண்டு, பெயரோ அதில் இல்லை!)

2020, 2021 கொரோனாக் காலத்தில் நம் மஹல்லாக்களில் மவ்த்தானவர்கள் பலர், விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே சூழ நல்லடக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் செல்வர்களை நாம் மறக்கவில்லை. ஹவ்ளைக் கழுவியவர்? அவருடைய கடன் அடைபட்டதா, பிள்ளைகள் எங்கே ஓதுகிறார்கள் என்று நம்மில் எவரேனும் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டோமா?