மலிவான கார்டா, விலையுயர்ந்த கார்டா?

எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் பாட்டியாரின் எண்பதாம் ஆண்டு நிறைவு விழா. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளியூர்களிலிருந்து வந்து கூடியிருந்தனர். மூத்த மகன் தம் டிஜிட்டல் காமிராவில் காலை முதல் மாலை வரை படம் எடுத்தார். இரண்டு திங்கள் கழித்து அந்த அம்மையார் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் அழைப்பிதழில் அச்சிட ஒரு நல்ல படம் வேண்டிக் கணினியைத் திறந்தபோது, கோப்புகளின் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஒரு படமும் திறக்கவில்லை. அதே கார்டில் அதற்கு முன் பதிவாகியிருந்த வேளாங்கண்ணிப் பயணப் படங்களோ பழுதின்றி இருந்தன.

காமிராவில் குறை ஏதும் இல்லை. 128 ஜிகாபைட் என்று அச்சிடப்பட்டிருந்த அந்த மெமரி கார்டின் உண்மையான கொள்ளளவு 8 ஜிகாபைட் மட்டுமே என்பது பின்னரே வெளிப்பட்டது. கடைவீதியில் பாதி விலைக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்து வாங்கியது அது. "மலிவானதை வாங்கியதால் வந்த வினை" என்று உறவினர் கூறினர். அது முழு உண்மை அன்று. மலிவான கார்டு வேறு, போலிக் கார்டு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே பல குடும்பங்களை ஒருபுறம் வீண் செலவிலும், மறுபுறம் ஈடுசெய்ய இயலாத இழப்பிலும் ஆழ்த்துகின்றது.

காமிராக்களில் பெரும்பாலும் பயன்படும் எஸ்.டி. கார்டு 1999-ஆம் ஆண்டில் சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் உருவானது. அதனுள் சுழலும் பகுதி எதுவும் இல்லை. நுண்ணிய அறைகளில் மின்னேற்றமாகவே நம் படங்கள் தங்குகின்றன. ஒரே அளவு இடம் கொண்ட இரு கார்டுகளில் ஒன்று சில நூறு ரூபாய்க்கும் மற்றொன்று பல மடங்கு விலைக்கும் விற்கப்படக் காரணம் என்ன? பெரும்பாலும் வேகமே. அடுத்தபடியாக, பலமுறை அழித்து எழுதினும் தாங்கும் உழைப்பு.

வேகத்தை அறியக் கார்டின் முகப்பில் சில குறிகள் உள்ளன. ஆங்கில 'சி' எழுத்துக்குள் 10 என்றிருந்தால், நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும் என்பது பொருள். 'யு' எழுத்துக்குள் 1 என்றிருந்தாலும் அதே 10. 3 என்றிருந்தால் 30. 'வி' எழுத்தை அடுத்து 30, 60, 90 என்னும் எண்கள் வருமானால், நொடிக்குக் குறைந்தது அத்தனை மெகாபைட். இவை தொடர்ச்சியாக எழுதும்போது குறையாத வேகத்திற்கான உறுதிமொழிகள். ஆனால், நம் கண்ணை முதலில் கவர்வது பெரிய எழுத்தில் உள்ள 100, 150, 200 போன்ற எண்களே. அவை பெரும்பாலும் படங்களைக் கணினிக்கு எடுக்கும்போது கிடைக்கும் உச்ச வேகத்தையே குறிக்கும். படம் எடுக்கும்போது நமக்குத் தேவைப்படுவது எழுதும் வேகம். ஆகவே, பெரிய எண்ணைக் கண்டு மயங்காமல் சிறிய குறியைத் தேடிப் படிப்பதே அறிவுடைமை.

இனி நம் தேவையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 24 மெகாபிக்சல் காமிராவில் எடுக்கும் சாதாரண ஜேபெக் படம் ஒன்று ஏறத்தாழ 8 முதல் 10 மெகாபைட் இருக்கும். நொடிக்கு மூன்று படங்கள் தொடர்ந்து எடுத்தாலும் 30 மெகாபைட்டே ஆகின்றது. நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகும் 4கே வீடியோவுக்கோ 12.5 மெகாபைட் போதும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் அன்றோ! ஆகவே 'யு 3' அல்லது 'வி 30' குறியுள்ள, நற்பெயர் பெற்ற நிறுவனத்தின் குறைந்த விலைக் கார்டு, திருமணம், பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா ஆகிய அனைத்துக்கும் தாராளமாகப் போதும். 64 ஜிகாபைட் கார்டில் இத்தகைய படங்கள் ஆறாயிரம் வரை அடங்கும்.

அப்படியானால் விலையுயர்ந்த கார்டு யாருக்கு? பறவையும் பந்தயமும் படம்பிடிப்போர், நொடிக்குப் பத்துப் படங்களுக்குமேல் 'ரா' எனப்படும் பெரிய கோப்புகளாக எடுப்போர், உயர்தர வீடியோவைத் தொழிலாகக் கொண்டோர் ஆகியோருக்கு. 'ரா' கோப்பு ஒன்று 25 மெகாபைட் என்று கொண்டால், பத்துப் படங்கள் நொடிக்கு 250 மெகாபைட். கார்டு அதற்கு ஈடுகொடுக்காவிடில், காமிராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, முக்கியமான தருணத்தில் காமிரா காத்து நிற்கும். தொழில்முறைப் புகைப்படக்காரருக்கு அந்தச் சில நொடிகள் பெரிய நஷ்டம். ஆகவே அவருடைய செலவு நியாயமானதே. வேகமிக்க கார்டின் பின்புறத்தில் இரண்டாம் வரிசை உலோகத் தொடுமுனைகள் இருக்கும். அவற்றைப் பயன்படுத்தும் அமைப்பு இல்லாத காமிராவில் அக்கார்டும் பழைய வேகத்திலேயே இயங்கும். மாட்டு வண்டிக்குப் பந்தயக் குதிரையைப் பூட்டி என்ன பயன்?

பழைய காமிரா வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். எஸ்.டி.ஹெச்.சி. வகையை மட்டும் ஏற்கும் காமிராவுக்கு 32 ஜிகாபைட்டே எல்லை. அதற்கு மேற்பட்ட கார்டு வேண்டுமாயின், எஸ்.டி.எக்ஸ்.சி. வகையை ஏற்குமா என்று காமிராவின் கையேட்டில் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

இப்போது போலிக்கு வருவோம். போலிக் கார்டின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, இல்லாத இடத்தை இருப்பதாகப் பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். எடுத்தவுடன் படம் காமிராவின் திரையில் தெரியும். அது தற்காலிக நினைவிலிருந்து காட்டப்படுவதால் நமக்கு ஐயம் எழாது. உண்மையான இடம் தீர்ந்தபின் வருபவை எங்கும் பதிவாவதில்லை. அல்லது பழையவற்றின்மீதே எழுதப்படுகின்றன. அந்தப் பாட்டியாரின் படங்களுக்கு நேர்ந்தது இதுவே. நம்பத்தகாத மலிவு விலை, எழுத்துப் பிழையுள்ள உறை, ரசீது தர மறுக்கும் கடை ஆகியவை எச்சரிக்கைகள். வாங்கிய அன்றே கார்டை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் உள்ளன. 'எச்2டெஸ்ட்டபிள்யூ', 'எஃப்3' என்பன அவற்றுள் சில. வீட்டில் கணினி பயிலும் மாணவரிடம் கூறினால் அவரே செய்து தருவார்.

உயர்ந்த கார்டுகளுக்குப் பல ஆண்டு உத்தரவாதம் தருகிறார்களே என்று சிலர் கேட்கலாம். உத்தரவாதத்தால் கிடைப்பது புதிய கார்டு. போன படம் அன்று. எத்தனை விலை கொடுத்தாலும் கார்டு பழுதாகும், தொலையும், நீண்ட காலம் பயனின்றிக் கிடந்தால் மின்னேற்றம் கசியவும் கூடும். முன்னாளில் உதகமண்டலத்தில் தயாரான 'இந்து' பிலிம் சுருளில் படம் எடுத்தோம். நெகடிவைப் பெட்டியில் பத்திரப்படுத்தினோம். அந்த நெகடிவே களஞ்சியமாக இருந்தது. மெமரி கார்டு களஞ்சியம் அன்று. வயலிலிருந்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டி மட்டுமே. வண்டியிலேயே யாரும் நெல்லைச் சேமித்து வைப்பதில்லை.

ஆகவே விழா முடிந்த அன்று இரவே படங்களைக் கணினியிலும், தனியான ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் பிரதி எடுத்து வையுங்கள். இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கார்டைக் காமிராவிலிட்டு ஃபார்மேட் செய்யுங்கள். தவறி அழித்துவிட்டால் அக்கார்டில் மேலும் ஒரு படமும் எடுக்காதீர்கள். 'போட்டோரெக்' போன்ற மென்பொருளால் பலவற்றை மீட்க வாய்ப்புண்டு. ஒரே பெரிய கார்டை நம்புவதைவிட, நடுத்தரக் கார்டுகள் இரண்டு வைத்துக்கொள்வது மேலானது.

விலையுயர்ந்த கார்டுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் நேர்மையான கடையில் சாதாரணக் கார்டு ஒன்றை வாங்கி, எஞ்சியதை ஹார்டு டிஸ்க் வாங்கச் செலவிடலாம். அந்த மூத்த மகனும் இப்போது அவ்வாறே செய்கிறார். பாட்டியாரின் அழைப்பிதழில் இறுதியில் அச்சானது, கொள்ளுப்பேத்தி ஒருத்தி தன் கைப்பேசியில் விளையாட்டாக எடுத்து, அன்றே அத்தைக்கு அனுப்பி வைத்திருந்த படம். பிரதி ஒன்று வேறிடத்தில் இருந்ததனால் அந்த ஒரு முகமாவது மிஞ்சியது.