மெட்டுக்கு இருபுறமும் பள்ளி மூடியபோது

2020 மார்ச் 10 அன்று கேரளம் ஏழாம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்தது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 17 முதல் தமிழ்நாட்டிலும் பள்ளிக் கதவுகள் மூடின. மற்ற ஊர்களுக்கு இவை இரண்டு தனித்தனி மாநிலச் செய்திகள். போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் எல்லை கடந்து ஏலக்காட்டுக்குப் போகும் குடும்பங்களுக்கு இவை ஒரே வீட்டுக்குள் வந்து விழுந்த இரண்டு அடிகள்.

இந்த மலையின் வாழ்க்கை எல்லைக்கோட்டை மதித்து அமைந்ததில்லை. போடி, தேவாரம், கோம்பை பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு மாலையில் திரும்புகிறார்கள். தலைமுறைகளாக மேலேயே தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இடுக்கி மாவட்டத்தின் தமிழ்வழிப் பள்ளிகளில் கேரளப் பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள். அக்கா கீழே பாட்டி வீட்டில் தமிழ்நாட்டுப் பாடம், தம்பி மேலே லயத்தில் கேரளப் பாடம் என்று பிரிந்து படிக்கும் வீடுகளும் உண்டு. கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஜீப் போகும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான்.

ஊரடங்கு வந்ததும் மெட்டில் போக்குவரத்து நின்றது. ஏலக்காய் ஏலமும் நின்றது. பிறகு மெல்ல வழி திறந்தபோது கேரளம் 'ஜாக்ரதா' தளத்தில் பதிவு கேட்டது, தமிழ்நாடு இ-பாஸ் கேட்டது. 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து வருகிறவர்கள் பரிசோதனைச் சான்றோ இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும் என்றது தமிழ்நாடு. தொற்றைத் தடுக்க இவையெல்லாம் தேவைப்பட்டன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தொழிலாளி எப்படிக் கடப்பார், சரக்கு எப்படிக் கடக்கும் என்று இரு அரசுகளும் விதி எழுதிய அளவுக்கு, அந்தத் தொழிலாளியின் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும் என்று யாரும் எழுதவில்லை.

பத்தாம் வகுப்பை மட்டும் பாருங்கள். மேலே கேரளத்துப் பிள்ளைகள் 2020 மே 26 முதல் முகக்கவசத்தோடு மீதித் தேர்வுகளை எழுதினார்கள். கீழே தமிழ்நாட்டுப் பிள்ளைகள், ஜூன் 9 அன்று தேர்வு ரத்தாகி, எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். ஒரே மலையின் இரண்டு சரிவுகளில், ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு தீர்ப்பு.

பாடம் டிவிக்குப் போனது. கேரளம் 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் அலைவரிசையில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது. டிவி இல்லாத பிள்ளைகளுக்காக வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் டிவி வைத்தார்கள். அது நல்ல ஏற்பாடு. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் வகுப்புகள் தயாரித்தார்கள். தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டன. இவ்வளவும் நடந்தது. என்றாலும் ஏலக்காட்டு வீடுகளில் அப்போது எழுந்த கேள்வி வேறு. அம்மா விடியுமுன் கிளம்பிவிடுகிறாள். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவளோடு போகிறது. பதினான்கு வயது மகளைத் தனியாக விட்டுப் போவதா, ஜீப்பில் தன்னோடு ஏற்றிக்கொள்வதா? பள்ளி நடந்தவரை இந்தக் கேள்வி எழவே இல்லை. பாடம் நடத்துவதோடு, பெற்றவர்கள் மலையில் இருக்கும் பொழுதெல்லாம் பிள்ளையைக் காத்ததும் பள்ளிதான்.

சிக்னல் இல்லாத இடங்களைப் பற்றி அப்போது நிறையப் படங்கள் வந்தன: பாறை மேல் ஏறி, சாலையோரம் குடை பிடித்து, போனைத் தூக்கிப் பிடித்துப் படிக்கும் பிள்ளைகள். அவற்றை ஆர்வத்தின் சான்றாகப் பாராட்டினோம். பாராட்டியதோடு நிறுத்திக்கொண்டோம் என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. சிக்னல் இல்லாமை படிப்போடு நின்றதும் இல்லை: மூணாறு அருகே ராஜமலையின் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பத்தினர்; அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். வெளியூர் விடுதிகளில் தங்கிப் படித்த சில பிள்ளைகள் பள்ளி மூடியதால்தான் அன்று வீட்டில் இருந்தார்கள். மின்சாரமும் போன் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆனது. மலையில் சிக்னல் கேட்பதைப் படிப்புக்கான சலுகையாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த இரவை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நியூயார்க்கில் முதலில் மூடிய பள்ளி

படிப்பையும் உயிரையும் சேர்த்துக் காப்பது எப்படி என்ற கேள்வியைத் தொற்றின் தொடக்கத்திலேயே எதிர்கொண்ட ஒரு பள்ளிச் சமூகத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ரிவர்டேலில் இருக்கும் எஸ்.ஏ.ஆர். அகாடமி ஒரு யூதப் பள்ளி. அங்கே படித்த ஒரு பிள்ளையின் வீட்டில் தொற்று உறுதியானதும், 2020 மார்ச் 3 அன்று பள்ளியை மூடினார்கள். அந்த நகரத்தில் கொரோனாவுக்காக முதலில் மூடிய பள்ளி அதுதான். அருகிலுள்ள நியூ ரோஷெல்லில் அந்தக் குடும்பம் போய்வந்த ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவர்கள் வீட்டுத் தனிமைக்குப் போனார்கள். ஒரு வாரத்தில் பூரிம் பண்டிகை. பண்டிகையன்று ஊர் கூடி எஸ்தரின் கதையை வாசித்துக் கேட்பது கடமை. வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாதவர்கள் எப்படிக் கேட்பது?

யூத மரபில் படிப்புக்கும் கூட்டத்துக்கும் உள்ள இடம் தெரிந்தால்தான் இந்தச் சிக்கலின் கனம் புரியும். முக்கியமான தொழுகைகளுக்குப் பத்துப் பேர் நேரில் கூட வேண்டும். ஓய்வுநாளில் மின்கருவியைத் தொடக்கூடாது என்பது ஆசாரவாதிகளின் வழக்கம். கோயில் கட்டும் வேலைக்காகக்கூடப் பிள்ளைகளின் பாடத்தை நிறுத்தக்கூடாது என்பது யூதச் சட்ட, விளக்கத் தொகுப்பான தால்முதில் இருக்கும் கருத்து. இவை எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு விதி நிற்கிறது: ஓர் உயிரைக் காக்க வேண்டுமென்றால் ஓய்வுநாளின் விதிகளையும் மீறலாம், மீறத்தான் வேண்டும்.

தொற்றுக்காலத்தில் படிப்பு, உயிர் என்ற இந்த இரண்டு மதிப்புகளும் நேருக்கு நேர் மோதின. 2020 மார்ச்சில் இஸ்ரேலின் மூத்த ரப்பி (யூத மதகுரு) ஹாயிம் கனியெவ்ஸ்கி முதலில் படிப்பை நிறுத்தக்கூடாது என்றார். மாத இறுதிக்குள் நிலைமை பார்த்து மாற்றிக்கொண்டார். அக்டோபரில், அரசுத் தடை இருந்தபோதே தீவிர ஆசாரப் பள்ளிகள் பல திறந்தன. இதற்கு எதிர்ப்புறத்தில், மொராக்கோ வழிவந்த ரப்பிகள் சிலர், பஸ்கா இரவு விருந்தில் தனித்திருக்கும் முதியவர்களை ஜூம் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பெழுதினார்கள். வேறு ரப்பிகள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். எந்தப் பக்கம் சரி என்று நான் சொல்ல வரவில்லை; ஆனாலும் உயிரா, படிப்பா என்று வந்தால் உயிர் என்று சொன்னவர்கள் பக்கம்தான் என் மனம். எனக்குப் பெரிதாகப் படுவது, பிள்ளைகளின் பாடம் எப்படி நடக்க வேண்டும் என்பதை ஒரு சமூகம் தன் தலைபோகிற விவகாரமாக எடுத்துக்கொண்டு வாதாடியது. நம் மலையில் அந்த வாதம் நடக்கவே இல்லை.

ஆற்றில் பலகை மட்டும் இருந்தால்

தால்முதில் பள்ளிக்கூட நிர்வாகம் பற்றி ஒரு பகுதி உண்டு. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியரை அமர்த்தி ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்ததாக அது சொல்கிறது. பிறகு வந்த ராவா என்ற அறிஞர் கணக்கு வகுக்கிறார்: ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் துணைக்கு ஓர் ஆள், அந்தச் செலவில் ஊர் உதவ வேண்டும், 50 ஆனால் ஆசிரியர் இருவர்.

அவரே சொல்லும் இன்னொன்றுதான் போடிமெட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. ஒரு பிள்ளையைப் படிப்புக்காக ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அனுப்பும்படி கட்டாயப்படுத்தக்கூடாது. ஊருக்குள்ளேயே ஒரு ஜெப ஆலயத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பலாம். நடுவில் ஆறு இருந்தால் அனுப்பக்கூடாது. பாலம் இருந்தால் அனுப்பலாம். வெறும் பலகை போட்டிருந்தால் அனுப்பக்கூடாது. கடப்பது ஆபத்து என்றால் ஆசிரியர்தான் பிள்ளை இருக்கும் பக்கம் வர வேண்டும் என்பதே இதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பாறை மேல் ஏறிப் பிடித்த சிக்னலும் ஒரு பலகைதான்.

இந்த விதிகளைப் படித்து வாழ்ந்தவர்கள் நமக்குத் தொலைவில் இருந்தவர்களும் அல்ல. போடிமெட்டைக் கடக்கும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையின் மேற்கு முனையான கொச்சியில், மட்டாஞ்சேரியில், 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் நிற்கிறது. அதைச் சுற்றிய யூதத் தெரு நறுமணச் சரக்கு வியாபாரத்துக்குப் பெயர்போனது. கேரள ஜெப ஆலயங்கள் சிலவற்றில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இடமும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

தானே கதவடைத்த எடமலைக்குடி

படிப்புக்கும் உயிருக்கும் இடையே ஒரு சமூகம் தானாக முடிவெடுத்ததற்கு மலையிலேயே ஓர் உதாரணம் உண்டு. பெட்டிமுடியிலிருந்து காட்டுக்குள் போகும் பாதை எடமலைக்குடிக்குப் போகிறது. முதுவர்கள் வாழும் இருபதுக்கும் மேற்பட்ட குடிகள்; 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. தொற்று பரவத் தொடங்கியதும் ஊர்க்கூட்டம் போட்டு வெளியாள் வருவதை நிறுத்தினார்கள். சாமான் வாங்கச் சிலரை மட்டும் அனுப்பி, திரும்பி வந்தவர்களைத் தனியே தங்கவைத்தார்கள். 2021 ஜூலை வரை அங்கே ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் வந்த தெளிவு அது. ஆனால் குடிகள் மூடியிருந்த காலத்தில் வெளியிலிருந்து ஆசிரியரும் வர முடியாது. உயிரைக் காத்த ஊருக்குப் படிப்பையும் காத்துக்கொடுப்பது வெளியே இருந்தவர்களின் பொறுப்பாக இருந்தது.

மாலை ஐந்து மணி வகுப்பு

தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. சின்னப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 19 மாதம் பள்ளி இல்லை. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஊரிலேயே இருக்கும் தன்னார்வலர், பெரும்பாலும் பெண். ஏறத்தாழ இருபது பிள்ளைகள். மாலை ஐந்து முதல் ஏழு வரை. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள்.

அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் ஆகிய பொருளியலாளர்கள் நான்கு மாவட்டக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள்; தமிழில் இழப்பு அதைவிடக் குறைவு. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்களின் கணக்கு. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் உதவியது. பெரிய செலவில்லாத, போனே தேவைப்படாத ஒரு திட்டம் இதைச் செய்தது என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஏலக்காட்டுக்கு இந்த நேரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. மாலை ஐந்து மணி, பள்ளி விட்டிருக்கும். அம்மா இன்னும் மலையிறங்கிக்கொண்டிருப்பாள். ஆபத்தான அந்த இரண்டு மணி நேரத்தில், தெருவில் தெரிந்த ஓர் அக்காவின் திண்ணையில் பிள்ளை இருக்கிறது. போடிப் பக்கத் தெருக்களுக்கு இது கிடைத்தது. மெட்டுக்கு மேலே லயத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இது போகவில்லை; அது தமிழ்நாட்டு அரசின் திட்டம், அந்தப் பிள்ளை கேரளத்துப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. டிவி வைத்து நடத்திய கேரளத்தின் அண்டைவீட்டுப் படிப்பு மையங்களோ, கீழே பாட்டி வீட்டில் மாட்டிக்கொண்ட லயத்துப் பிள்ளையைத் தேடி வரவில்லை. இரு அரசுகளும் தத்தம் பிள்ளைகளுக்கு உண்மையாக உழைத்தன. இடையில் கடந்துகொண்டிருந்த பிள்ளை இரண்டு கணக்கிலும் விடுபட்டது.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் தேவையில்லை. தேனி, இடுக்கி ஆட்சியர் அலுவலகங்கள் சேர்ந்து எல்லையோரத் தோட்டங்களில் உள்ள தமிழ்வழிப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பள்ளி மூடினால், பிள்ளை எந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கத்துத் தன்னார்வலர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே உடன்படலாம். லயத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் இருக்கிறார்கள். ஊக்கத்தொகையைத் தோட்ட முதலாளிகளும் அரசும் பகிரலாம், ராவாவின் கணக்கில் 40 பிள்ளை ஆனதும் துணையாளின் செலவில் ஊர் உதவியதுபோல. தொற்றுக்காலத்தில் மெட்டைக் கடந்த தொழிலாளியிடம் பாஸ் படிவத்தில் பெயர், ஊர், வண்டி எண் எல்லாம் கேட்டார்கள். அடுத்த முறை அந்தப் படிவத்தில், பிள்ளை எந்த வகுப்பில், எந்தப் பள்ளியில், இப்போது யாரோடு இருக்கிறது என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும், பட்டியல் அங்கேயே உருவாகிவிடும்.