குடத்தில் தெரிகிறது உங்கள் முகம்! பளபளக்கும் பாத்திரங்களைப் படம் எடுப்பது எப்படி?

எவர்சில்வர் குடம் ஒன்றைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் குடம் சரியாகத் தெரியாது. எடுத்தவர் முகம், அவர் கையில் உள்ள செல்போன், மேலே சுற்றும் மின்விசிறி, கொடியில் காயும் துணி எல்லாம் தெரியும்!

மும்பை புலேஷ்வர் கடைவீதியில் பாத்திரம் வாங்கி, செல்போனில் படம் அனுப்பி, தெரிந்தவர்களுக்கு விற்கும் குடும்பங்கள் உண்டு. வேலைக்குப் போகும் கணவரின் சம்பளத்தோடு, அதுவும் ஒரு வருமானம்.

கடையில் என்றால், வாங்குபவர் பாத்திரத்தைத் தூக்கிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார். செல்போனில் அவருக்குக் கிடைப்பது படம் ஒன்றுதான். படம் மங்கலாக இருந்தால், "பழைய பாத்திரமோ?" என்று சந்தேகப்படுவார். போட்ட முதல் முடங்கிவிடும்.

காரணம் என்ன?

தாராவி கும்பார்வாடாவில் செய்யும் மண்பானையைப் படம் எடுப்பது சுலபம். மண் சொரசொரப்பானது. தன் மேல் விழும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதற விடும். எங்கிருந்து பார்த்தாலும் பானை தெரியும்.

மெருகு ஏற்றிய உலோகம் அப்படி அல்ல. எந்தக் கோணத்தில் வெளிச்சம் விழுகிறதோ, அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்பும். முகம் பார்க்கும் கண்ணாடி போலத்தான். வயிறு உப்பிய குடம் என்றால், அறை முழுவதும் அதில் சுருங்கித் தெரியும்.

ஆகவே, குடம் அழகாகத் தெரிய வேண்டுமானால், குடத்தைச் சுற்றி இருப்பதைச் சரி செய்யுங்கள். ரகசியம் இவ்வளவுதான்!

வேட்டி போதும்

ஸ்டுடியோக்களில் இதற்கென்று வெள்ளைத் துணிக் கூடாரம் வைத்திருப்பார்கள். வீட்டில் ஒரு வெள்ளை வேட்டி போதும். கரை வேட்டி வேண்டாம். கரையும் குடத்தில் தெரியும்!

ஜன்னல் ஓரமாகக் குடத்தை வையுங்கள். ஜன்னலில் வேட்டியைக் கட்டுங்கள். எதிர்ப்பக்கமும் மேலேயும் வெள்ளைத் துணியோ, அட்டையோ வையுங்கள். 'பிளாஷ்' வேண்டாம். அது குடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்து படத்தைக் கெடுக்கும்.

ஐந்து, ஆறு அடி தள்ளி நின்று எடுங்கள். உங்கள் உருவம் சிறியதாகிவிடும். ஒரு வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுத்தால் இன்னும் நல்லது. குடத்தைத் துணியால் பிடித்துத் தூக்குங்கள். கைரேகை பட்டால் படத்தில் பளிச்சென்று தெரியும்.

கறுப்புக் காகிதம்

சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் குடத்தின் ஓரம் மறைந்துபோகும். இதற்கு வழி, கறுப்புக் காகிதம். குடத்தின் இரு பக்கமும், படத்தில் விழாதபடி, நீளமாக வெட்டிய கறுப்புக் காகிதத்தை நிறுத்துங்கள். ஓரத்தில் கருங்கோடு விழும். குடத்தின் வடிவம் எடுப்பாகத் தெரியும்.

பித்தளை விளக்குக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் இதே முறைதான்.

பளபளப்பைக் குறைக்கும் 'போலரைசர்' என்ற பில்டர் கடைகளில் கிடைக்கும். அது கண்ணாடியிலும் தண்ணீரிலும் பலிக்கும். வெறும் உலோகத்தில் பலிக்காது. காசை வீணாக்காதீர்கள்.

படம் சொல்லாதது

எவ்வளவு நல்ல படமும் உலோகத்தின் தரத்தைச் சொல்லாது. 304 எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியமும், 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202-ல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம், விலையும் மலிவு. படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும்!

எனவே, பாத்திரத்தின் அடியில் தர முத்திரை இருந்தால், அதைத் தனியாக ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எடை எத்தனை கிராம் என்று எழுதுங்கள்.

வேட்டி வெளிச்சம் சிறு நசுங்கலை மறைத்துவிடும். ஆனால், பார்சலைப் பிரித்ததும் அது தெரிந்துவிடும். நசுங்கல் இருந்தால் அதையும் படம் எடுத்துக் காட்டி, விலையைக் குறைத்துச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால்தான், அவர் அடுத்த பாத்திரத்தையும் உங்களிடமே கேட்பார்.