ரம்ப மேசையின் வாய்த்தகடும் லேசர் கதிரும்

மரவேலைப் பட்டறைகளில் வட்ட ரம்பம் பொருத்திய மேசையை அறியாதார் இலர். ஆயினும், ரம்பம் மேலெழும் துவாரத்தைச் சுற்றிப் பதிக்கப்பட்ட சிறு தகட்டைக் கருதுவோர் சிலரே. அதனை வாய்த்தகடு எனலாம். அதன் இடைவெளி அகன்றுவிட்டால், அறுபட்ட சிறு துண்டு உள்ளே விழுந்து பற்களிற் சிக்கி, வேலை செய்பவரை நோக்கி எறியப்படும். பலகையின் அடிப்புறமும் நார் நாராகக் கிழியும்.

மர ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற நகரம் பெங்களூரு. மல்லேசுவரத்திலுள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் தச்சுக் கலையில் பயிற்சியும் அளிக்கின்றது. இத்தகைய நகரிலும், அயல்நாட்டு ரம்ப மேசையொன்றின் வாய்த்தகடு உடைந்தால் அதே அளவில் மாற்றுத் தகடு கிடைப்பது எளிதன்று. இங்கேதான் லேசர் வெட்டுப்பொறி கைகொடுக்கின்றது.

மரத்தை வெட்டும் பொறிகளிற் பெரும்பாலானவை கரியமிலவாயு லேசரைக் கொண்டவை. இதனை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர், மகாராட்டிரத்தின் பாராமதியிற் பிறந்த குமார் படேல் ஆவார். இக்கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரான். மரமும் அக்ரிலிக்கும் இதனை நன்கு உட்கொள்கின்றன. பளபளப்பான உலோகமோ பெரும்பகுதியைத் திருப்பிவிடுகின்றது. அலுமினியத் தகடே வேண்டுமெனின், பீணியாத் தொழிற்பேட்டையில் இழை லேசர் கொண்டு கூலிக்கு வெட்டித் தரும் கூடங்களை நாடலாம்.

பள்ளத்தின் நீளம், அகலம், மூலைகளின் வளைவு, ஆழம் ஆகியவற்றை வெர்னியர் கருவியால் அளந்து வரைபடம் தீட்ட வேண்டும். கதிர் செல்லும் வழியில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் பொருள் எரிந்து போகும். ஆகவே கோட்டை அதிற் பாதியளவு வெளியே தள்ளுதல் வேண்டும். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்ப்பது செலவில்லாத முன்னெச்சரிக்கை. பின்னர் 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் வெட்டலாம். கடைக்காரர் புகழ்ந்து விற்கும், நீரைத் தாங்கும் பினால் பிசின் பலகை இதற்கு உதவாது. அப்பிசின் கருகிக் கதிரைத் தடுக்கும். யூரியா பிசினால் ஒட்டியதே ஏற்றது. பி.வி.சி. தகட்டை ஒருபோதும் பொறியில் இடலாகாது. அதினின்று ஐதரசன் குளோரைடு வாயு எழும்.

தகடு மேசைப்பரப்போடு சமமாக நிற்கவேண்டும். பள்ளம் ஆழமாயின் மூலைகளிற் சிறு திருகாணிகள் இட்டு உயர்த்திக்கொள்க. ரம்பம் செல்லும் பிளவை லேசரால் முழுதும் வெட்டுவதை யாம் விரும்பவில்லை. தகட்டின் மீது, ரம்பத்தின் வழிக்கு விலகி, ஒரு கட்டையை இறுகப் பிணித்து, சுழலும் ரம்பத்தை மெல்ல உயர்த்தினால் அது தன் பருமனுக்கேற்ற வழியைத் தானே அறுத்துக்கொள்ளும். ரம்பத்தின் பின்னுள்ள பிளவுக்கத்திக்குரிய வழியை மட்டும் முன்னரே வெட்டிவிடுதல் நன்று. தகட்டை எளிதாகப் பதிக்கும் பொருட்டு அக்கத்தியைக் கழற்றி வைப்போர் உளர், அது பெருந்தவறு. அறுபட்ட பலகை மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வாமற் காப்பது அதுவே.

ஒரே வரைபடத்தினின்று நான்கைந்து தகடுகள் வெட்டி வைத்துக்கொள்ளலாம். ரம்பத்தைச் சாய்த்து அறுக்கும் வேலைக்குத் தனித் தகடு வேண்டும். நேர்வெட்டுக்குரிய தகட்டிற் சாய்த்து அறுத்தால் அதன் வாய் மீண்டும் அகன்றுவிடும்.