மீண்டும் காலூன்ற

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர் நம் முன்னோர். உழைத்து உண்ணும் குடும்பத்திற்குச் சுவராய் நிற்பவை இரண்டு கால்களே. அத்திப்பட்டுப் புதுநகர் இரயில் நிலையத்தில் காலை வேளையில் இறங்கி, அனல்மின் நிலையத்திற்கும் துறைமுகத்திற்கும் விரையும் தொழிலாளரைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்வோரைப் பாருங்கள். இரும்பு ஏணி ஏறுவதும், சுமை தூக்குவதும், எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்வதும் அவர்தம் அன்றாட வாழ்வு. ஏணியில் ஒரு படி தவறினாலும், கனரக லாரிகள் ஓடும் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும், முழங்கால் அடிபடக்கூடும். அப்போது அசைவது ஒரு மூட்டு மட்டுமன்று, ஒரு குடும்பமே அசைகிறது.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் ஆபத்து நீங்கியதென நாம் மகிழ்கிறோம். சில வாரங்களில் வலியும் குறைகிறது. ஆயினும் படியிறங்கும்போது கால் திடீரென மடங்குகிறது. நல்ல காலைவிட நோயுற்ற காலின் தொடை மெலிந்து காண்கிறது. காரணம் என்ன?

மெலியும் தசை

முழங்கால் மூட்டை எலும்பும் தசைநார்களும் மட்டும் தாங்கி நிற்பதில்லை. தொடையின் முன்புறத்துப் பெருந்தசையே காலை நீட்டுகிறது. நாம் எழும்போதும் இறங்கும்போதும் உடலின் பாரத்தை அது ஏற்கிறது. மூட்டில் நீர் கோத்து வீங்கியிருக்கையில், இத்தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளையை உடலே குறைத்துவிடுகிறது. பயன்படாத தசை சில வாரங்களிலேயே கரைந்து போகிறது. மருத்துவர் கதவின் கீலைச் சீர்செய்து தரலாம். கதவைத் திறக்கும் வலிமையை நோயாளியே தேடிக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் பலர் புத்தூர்க் கட்டை நாடுவதை அறிவோம். கிழிந்த தசைநாரையோ மூட்டுச் சவ்வையோ சாதாரண எக்ஸ்ரே படம் காட்டாது. நெடுநாள் கட்டிவைத்த கால் மேலும் மெலியும். ஆகவே முழங்கால் பிசகினால் எலும்பு மருத்துவரை முதலில் காண்பதே அறிவுடைமை.

போர்க்காலம் தந்த பாடம்

இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டுகளில் அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் முழங்கால் அடிபட்ட வீரர்கள் நிறைந்திருந்தனர். இலேசான அசைவுகளைப் பலமுறை செய்யவைப்பதே அந்நாளைய வழக்கம், தேறுவதற்கு மாதக்கணக்காயிற்று. சிகாகோவில் பணிபுரிந்த தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் வேறு வழி கண்டார். சிறு வயதில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர் எடை தூக்கிப் பயின்று உடல் தேறியவர் அவர். நோயாளியின் பாதத்தில் இரும்புக் காலணியைக் கட்டி, தாங்கக்கூடிய எடையை ஏற்றி, காலை நீட்டச் செய்தார். வலிமை கூடக்கூட எடையையும் கூட்டினார். 1945-இல் தம் முறையை மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். பத்து முறை வீதம் மூன்று சுற்று என இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களில் வழங்கும் கணக்கு, பின்னர் அவர் வகுத்ததே. ஜிம் என்றால் இளைஞர் புஜம் காட்டும் இடமென்று எண்ணுவோர் இதை அறிதல் நலம்.

படிப்படியாக

பயிற்சியின் முதற்படிக்கு இயந்திரம் வேண்டா. மருத்துவர் அனுமதித்தபின், சுருட்டிய துண்டை முழங்காலுக்கடியில் வைத்து, தொடையை இறுக்கிக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். அடுத்தது மடக்காமல் காலை உயர்த்துதல். பின்னர் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோயுற்ற கால் முதலில்.

வீக்கம் வடிந்து, கால் முழுவதும் நீண்டு, ஊன்றுகோலின்றி நடை சீரானபின் உடற்பயிற்சிக் கூடத்தை நாடலாம். அங்கே நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளும், பலகையைக் காலால் தள்ளும் இயந்திரமும் உண்டு. இரு கால்களையும் சேர்த்தே பயிற்றினால் நல்ல கால் பாரத்தை ஏற்றுக்கொண்டு மற்றதைச் சோம்பலாக்கும். ஆதலால் ஒற்றைக் கால் பயிற்சியும் தேவை. மறுநாள் வீக்கமோ வலியோ மிகுந்தால் எடை அதிகமென்று பொருள், குறைத்துக்கொள்க. ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், காய்ச்சலுடன் மூட்டுச் சிவந்தாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பொறுத்தவர் பெற்ற வெற்றி

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2016-இல் ரியோ ஒலிம்பிக் போட்டியின் நடுவே முழங்கால் முறுகி, தூக்குப் படுக்கையில் வெளியேற்றப்பட்டார். அறுவை சிகிச்சையும் நீண்ட பயிற்சியும் தொடர்ந்தன. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், ரியோவில் எதிர்த்து நின்ற அதே சீன வீராங்கனையை முதற்சுற்றில் வென்று, இறுதியில் தங்கமும் பெற்றார்.

அவசரம் பகையாகும் என்பதற்குச் சான்றும் உண்டு. முன் சிலுவைத் தசைநார் அறுவைக்குப்பின் ஆட்டக்களம் திரும்பியோரை ஆராய்ந்த நார்வே அறிஞர்கள் 2016-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஒன்பது மாதம் வரை, திரும்புதலை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் காயமுறும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நல்ல காலின் வலிமையில் பத்தில் ஒன்பது பங்கையேனும் நோயுற்ற கால் எட்ட வேண்டும் என்பது மருத்துவர் வைக்கும் பொதுவான அளவுகோல். ஏணி ஏறுவோருக்கும் சுமை தூக்குவோருக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

குடும்பத்தின் கடமை

கூலி நின்றால் அடுப்பு எரியுமா என்ற கேள்வியே பலரை முன்னதாக வேலைக்கு விரட்டுகிறது. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர் பணியில் காயமுற்றால், வேலை செய்ய இயலாத காலத்திற்குக் கூலியில் ஏறத்தாழ 90 சதவீதம் உதவித்தொகை பெற வழியுண்டு. பணிக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்தும், பணியோடு தொடர்பு நிறுவப்பட்டால், இதில் அடங்கும். விபத்தை உடனே நிர்வாகத்திற்குத் தெரிவித்து, சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. இச்சிகிச்சை பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தறியலாம்.

அன்புள்ள இல்லத்தரசிகளே, நோயாளி எழ வேண்டிய நேரத்தில் எல்லாவற்றையும் படுக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பது அன்பாகத் தோன்றலாம். அது அவர் காலை மேலும் மெலியச் செய்யும். தண்ணீர்ச் செம்பைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அவர் நடந்து வந்து எடுக்கட்டும். நீங்கள் அருகில் நில்லுங்கள். பயிற்சிக் கணக்கைப் பிள்ளைகள் நாட்காட்டியில் குறிக்கட்டும். ஆலயத்தில் முழந்தாளிட இயலாதவர் அமர்ந்தே செபிக்கட்டும். அதில் வெட்கத்திற்கு இடமில்லை.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நேற்று ஐந்து முறை உயர்ந்த கால் இன்று ஆறு முறை உயர்ந்தால் அதுவே வெற்றி. அவ்வெற்றியை நாள்தோறும் கண்டு பாராட்டும் வீட்டில், விழுந்தவர் மீண்டும் காலூன்றி நிற்பார்.