வெங்காயம் இல்லாமலும் விருந்து உண்டு

1998 அக்டோபரில் தில்லியில் வெங்காயம் கிலோ 40 ரூபாயைத் தாண்டியது. நவம்பர் தேர்தலில் ஆட்சியே மாறிற்று. நம் வீடுகளில் இத்தனை கலவரம் தேவையில்லை. மோர்க்குழம்பு, பொரித்த குழம்பு, மிளகு ரசம், கூட்டு எதற்கும் வெங்காயம் வேண்டாமே!

சாணக்யபுரி வாசிகள் மதர் டெய்ரியின் சஃபல் கடையில் எழுதிப் போட்டிருக்கும் விலையைப் பார்த்துக்கொண்டு சரோஜினி நகர் சந்தைக்குப் போகலாம். பேரம் பேசத் துணிவு வரும், ஹிந்தி தடுமாறினாலும்!

ஜனவரியில் இங்கே பட்டாணி மலிந்து கிடக்கும். ஐந்து கிலோ வாங்கி, எல்லோருமாக உட்கார்ந்து உரியுங்கள். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் வைத்தால் கோடை வரை கவலையில்லை.

மே, ஜூன் வெயிலைத் திட்டாதவர் நம்மில் யார்? ஆனால் வடாமும் வற்றலும் சென்னைப் புழுக்கத்தைவிட இங்கே ‘லூ’ காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். புழுதிக்கு மட்டும் மேலே மெல்லிய வேட்டி ஒன்றைக் கட்டிவிடுங்கள். கொத்தவரங்காய், பாகற்காய், மோர்மிளகாய் எல்லாம் அப்போதே போட்டு வைக்கலாம். ஜூலையில் மழை பிடித்துக் காய்கறி விலை ஏறும்போது, ஒரு பிடி வற்றலை எண்ணெயில் வறுத்துப் புளியைக் கரைத்து விட்டால் குழம்பு ஆயிற்று.